களிமண்ணின் பண்டமாற்று

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் போர் தண்ணீர் இப்போது கரிக்கிறது. அப்புறம் சோப்பும் நுரைப்பதில்லை. கடல் உப்பு என்றால் சோடியம் குளோரைடுதானே? சோடியத்தால் தண்ணீர் கடினமாகாது என்றல்லவா பள்ளியில் படித்தோம்?"

படித்தது சரிதான். கடினத்தன்மையைத் தருவது கால்சியமும் மக்னீசியமும். சோப்போடு சேர்ந்து அவை வெள்ளைத் திப்பியாகிவிடும், நுரைக்கச் சோப்பு மிஞ்சாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருப்பதால், அது கலந்தாலே கொஞ்சம் கடினம் ஏறும். ஆனால் கடல் புகுந்த நிலத்தடி நீரில் கால்சியம் இந்தக் கலப்புக் கணக்கையும் தாண்டிப் போவதுண்டு. அந்த மிச்சம் வருவது காலடியில் இருக்கும் களிமண்ணிலிருந்து.

களிமண் துகள் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. அந்தத் தகடு உருவாகும்போதே சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம், அலுமினியத்துக்குப் பதில் மக்னீசியம் என்று உட்கார்ந்துவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நேர்மின்சுமை குறைகிறது. அதனால் தகடு முழுக்க எதிர்மின்சுமை. அதை ஈடுகட்ட வெளியிலிருந்து நேர் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆனால் நிரந்தரமாக அல்ல. இரட்டைச் சுமையுள்ள கால்சியத்தை இறுக்கமாகவும், ஒற்றைச் சுமையுள்ள சோடியத்தைத் தளர்வாகவும் பிடிக்கிறது. காலங்காலமாக ஆற்றுநீர் ஊறிய வண்டலில் கால்சியம்தான் நிறைந்திருக்கும்.

அங்கே கடல் நுழைகிறது. லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சோடியம்! பிடிப்பு தளர்வாக இருந்தாலும் எண்ணிக்கை வென்றுவிடும். இரண்டு சோடியம் வந்து ஒட்டிக்கொள்ள, ஒரு கால்சியம் கழன்று தண்ணீருக்குள் போகிறது. துணைக்கு அங்கே இருப்பது குளோரைடு, அதனால் கொதிக்கவைத்தாலும் இந்தக் கடினம் போகாது. தண்ணீரின் கடினத்தைப் போக்க வீட்டில் வைக்கும் சாஃப்ட்னரில், கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் மணிகளை உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவும்போது நடப்பதும் அணு பிசகாமல் இதேதான். எனக்கு இந்த வேதியியலில் மிகப் பிடித்த இடம் இது.

இன்னும் அழகானது இதன் மறுபக்கம். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்து, நல்ல நீர் உப்பைப் பின்னுக்குத் தள்ளும்போது, சோடியம் ஏறிய களிமண் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கிடைப்பது சோடியம் பைகார்பனேட் நீர். சோப்பு பொங்கப் பொங்க நுரைக்கும். ஆனால் அதையே வயலுக்குப் பாய்ச்சினால் மண் இறுகி நீர் இறங்காமல் போகும். நுரைக்கும் தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்ற கணக்கு டெல்டாவில் செல்லாது.

குடிக்கலாமா? இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. கடினநீர் உடலைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியது சோடியத்தைப் பற்றி.

குழாயில் காந்தம் கட்டினால் உப்பு போய்விடும் என்று விற்கிறார்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறார்கள். இரண்டுமே நம் மக்களின் பணத்தைத் தின்பவை, எனக்குக் கோபம் வருகிறது. அரசு பணம் செலவழிக்க வேண்டிய இடம் கடலோர ஊர்களின் கண்காணிப்புக் கிணறுகள். ஆண்டு தவறாமல் அளந்த எண்கள் இருந்தால்தான் கடல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், மொத்த உப்பைத்தான் அது காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோடியம், குளோரைடு, கால்சியம் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கக் கேளுங்கள். கடல்நீரில் சோடியம், எடைக்கணக்கில், குளோரைடில் 0.55 பங்கு. உங்கள் தண்ணீர் கரிக்கும்போதே இந்த விகிதம் அதற்குக் கீழே இறங்கி, கால்சியமும் ஏறியிருந்தால், கடல் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். விகிதம் மேலே போனால், ஆற்றுநீர் அதைத் திருப்பித் தள்ளுகிறது என்று நம்ப இடமுண்டு.