கண் சாலையில், கை குமிழில்

கார்த்திகை மாதத்து மழை. புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் ஐந்து பேர். திருமயம் கோட்டையைத் தாண்டியதும் மழை வலுத்தது. ஜன்னல்களை ஏற்றிவிட்டேன். அப்பத்தாவுக்கு முழங்கால் குடைச்சல், குளிர் ஆகாது என்பதால் ஏ.சி. போடவில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முன்கண்ணாடி பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போனது. எதிரே வந்த லாரியின் விளக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் கண்ணாடி முழுக்கப் பரவி நின்றது.

பக்கத்துச் சீட்டில் இருந்த அப்பச்சி தோள் துண்டை எடுத்துத் துடைத்தார். துடைத்த இடம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. "ஓரமா நிப்பாட்டிருப்பா, ரோடே தெரியல" என்றார்.

அது புதுக் கார். கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பும் வசதி தொடுதிரைக்குள் இருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த வரைபடத்தை விலக்கி, ஏ.சி. பக்கத்தைத் திறந்து, அதற்குள் காற்றின் திசையைத் தேடித் தொட வேண்டும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் விரல் வேறு படத்தில் பட்டு வேறு பக்கம் திறந்துகொண்டது. கடைசியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தித்தான் சரிசெய்தேன். மறுநாள் வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, நிதானமாக அதே வேலையைச் செய்து பார்த்தேன். 6 விநாடி ஆனது. 60 கி.மீ. வேகத்தில் 6 விநாடிக்குக் கார் 100 மீட்டர் போயிருக்கும்.

ஏ.சி.யையும் ஹீட்டரையும் சொகுசுப் பட்டியலில் சேர்த்தே நாம் பழகிவிட்டோம். எனக்கு அந்த எண்ணம் அன்றோடு போனது. மழை இரவில் வைப்பர் எப்படி ஓட்டுவதற்கான கருவியோ, கண்ணாடிக்கு வரும் காற்றும் அப்படியே. அதைக் கையாள்வது எவ்வளவு எளிது என்பது பிரேக் எங்கே இருக்கிறது என்பதைப் போன்ற கேள்வி.

கண்ணாடி ஏன் வெளுக்கிறது? மோர் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதுவும் ஒன்றுதான். காற்றில் இருக்கும் நீராவி, தன்னைத் தாங்க முடியாத அளவுக்குக் குளிர்ந்த ஒரு பரப்பைத் தொட்டால் துளியாகிவிடும். அந்த எல்லைக்குப் பனிநிலை என்று பெயர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரே மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரைக் காற்றில் சேர்க்கிறார். ஐந்து பேர் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். நனைந்த குடை, ஈரச் சேலை, கால்மிதியில் சேர்ந்த மழைநீர் எல்லாம் தனிக் கணக்கு. வெளியே மழை கண்ணாடியைக் குளிர்விக்கிறது, உள்ளே ஈரம் ஏறிக்கொண்டே போகிறது. படியும் துளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு சிறியவை. ஆனால் ஒவ்வொன்றும் எதிர் விளக்கின் ஒளியைச் சிதறடிக்கும். அதனால்தான் பகலில் மங்கலாகத் தெரிகிற சாலை இரவில் அறவே மறைந்துபோகிறது.

இதற்கு மருந்து ஏ.சி.யும் ஹீட்டரும் சேர்ந்தது. "ஏ.சி.யும் ஹீட்டரும் ஒண்ணா எப்படிப் போடுறது?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். புளோயர் தள்ளும் காற்று முதலில் கூலிங் காயில் வழியாகப் போகிறது. அந்தக் காயில் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும். காற்றின் ஈரம் அதில் துளியாகப் படிந்து, குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. வெயில் காலத்தில் நிறுத்திய காருக்கு அடியில் பார்க்கிறோமே, அந்தத் தண்ணீர். அடுத்து ஹீட்டர் காயில். அதற்குள் என்ஜினைச் சுற்றி வந்த சூடான தண்ணீர் ஓடுகிறது. நடுவில் ஒரு சிறு கதவு. நீலமும் சிவப்பும் போட்ட குமிழைத் திருகும்போது பெரும்பாலான கார்களில் நாம் நகர்த்துவது இந்தக் கதவைத்தான். குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு சூட்டின் வழியே போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. இரண்டும் வேலை செய்தால் கிடைப்பது ஈரம் பிழியப்பட்ட, இளஞ்சூடான காற்று. அது கண்ணாடியின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்பத்தாவின் முழங்காலுக்கும் அதுவே நல்லது. செட்டிநாட்டில் ஹீட்டர் எதற்கு என்று சிவப்புப் பக்கத்தைத் தொடாமலே விடுகிறோம். அன்று எனக்குத் தேவைப்பட்டது அந்தச் சிவப்பில் கொஞ்சம்.

இன்னொரு வகை மங்கலும் உண்டு. விடியற்காலையில் கும்மென்று புழுங்கும்போது ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்து ஓட்டினால் கண்ணாடி உள்ளிருந்து குளிர்ந்து, வெளிப்புறத்தில் வியர்க்கும். வைப்பரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். துடைத்துக்கொண்டு போனால் ஈரம் வெளியே இருக்கிறது. அப்போது குளிரைக் குறைக்க வேண்டும், காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்ப வேண்டும். வைப்பருக்கு அசையவில்லை என்றால் ஈரம் உள்ளே. இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய எதிரெதிர். ஆக, ஓட்டுகிறவர் ஒரு குமிழைத் திருகினால் போதாது. எது எது என்று தெரிந்து, இரண்டு மூன்றை மாற்ற வேண்டும், அதுவும் சாலை தெரியாத நேரத்தில்.

இங்கேதான் கண்ணின் கதை வருகிறது. கண் துல்லியமாகப் பார்க்கும் பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தால், அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் மங்கல். திரையில் உள்ள எழுத்தைப் படிக்க அந்தச் சிறு பரப்பைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் வைத்தாக வேண்டும். விழிவில்லை தூரத்திலிருந்து கிட்டத்துக்கு மாறி, மறுபடி தூரத்துக்குத் திரும்ப வேண்டும். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இது சிரமம். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் தலையைத் தூக்கி, கீழ் வட்டம் வழியாகத் திரையைத் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா பொருத்தி, சாதாரண மனிதர்களின் அன்றாட ஓட்டத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2006-ல் வெளியான முடிவு: கண் சாலையை விட்டு 2 விநாடிக்கு மேல் விலகினால் விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ நேரும் அபாயம் குறைந்தது இரு மடங்காகிறது. 2013-ல் அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கார் திரைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தது. ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல் போகக்கூடாது, ஒரு வேலைக்கு எல்லாப் பார்வையும் சேர்ந்து 12 விநாடியைத் தாண்டக்கூடாது. என்னைக் கேட்டால் 12 விநாடியே அதிகம். காரைக்குடி பெரியார் சிலையருகே நின்று ஒரு 12 விநாடி பாருங்கள். சைக்கிள், மாடு, ஷேர் ஆட்டோ, பள்ளிப் பிள்ளை என்று எத்தனை குறுக்கே வருகிறது!

கைக்கு வருவோம். எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கறுப்பு வட்டச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அப்பத்தாவுக்குக் கண்புரை. நடுராத்திரி எழுந்தால் தூணைத் தொட்டு, சுவரைத் தடவி, மூன்றாவது சுவிட்சைத் தட்டுவார். ஒரு நாளும் இரண்டாவதைத் தட்டியதில்லை. கையும் காலும் எங்கே இருக்கின்றன என்பதைத் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. விரல் நுனி மேடு பள்ளத்தைப் படிக்கிறது. சுவிட்சின் 'டக்' வேலை முடிந்தது என்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் கண்ணுக்கு வேலையில்லை.

தொடுதிரை இந்த மூன்றையும் பறித்துக்கொள்கிறது. பரப்பு முழுக்க ஒரே வழவழப்பு. அழுத்தியதற்கும் அழுத்தாததற்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாததால் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இலக்கு சிறுக்கச் சிறுக்க, தொலைவு கூடக் கூட, குறி பார்த்துத் தொட அதிக நேரமாகும் என்று 1954-லேயே பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கணக்காகவே எழுதிவைத்தார். அதுவும் அசையாத மேசையில். கண்டனூர்ப் பக்கத்துக் கிராமச் சாலையில், கை அந்தரத்தில் நிற்க, கார் குலுங்கினால்? குமிழ் என்றால் பிடித்துக்கொள்ளலாம், குலுக்கலில் கையும் குமிழும் சேர்ந்து ஆடும். திரையில் பிடிக்க எதுவும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இந்தப் பாடம் படிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் பி-17 விமானங்களைத் தரையிறக்கிய பிறகு, இறக்கையின் பின்பக்க மடலை (ஃபிளாப்) ஏற்றுவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்ட விமானிகள் பலர். அல்போன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் பார்த்தபோது இரண்டின் சுவிட்சுகளும் ஒரே வடிவம், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் முனையில் சிறு சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். விரல் தொட்டதும் எது எது என்று தெரிந்துவிடும். தவறு விமானியுடையது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சுவிட்சை மாற்றினார். அந்த மனிதர்மீது எனக்குப் பெரிய மரியாதை.

கார் ஏ.சி. தொடங்கிய காலத்தில் குமிழே இல்லை. தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தி வந்த முதல் கார் 1940-ஆம் ஆண்டு மாடல் பேக்கார்டு. அதில் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டுமானால் பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து மூன்று குமிழுக்கு வந்து சேர்ந்தோம். காற்றின் வேகம், திசை, சூடு. பிறகு அவற்றைத் திரைக்குள் போட்டோம். 2022-ல் ஸ்வீடனின் 'வி பிலேகரே' என்ற கார் இதழ் 110 கி.மீ. வேகத்தில் ஒரு சோதனை நடத்தியது. வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டுவது, கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புவது உள்ளிட்ட நான்கு வேலைகள். குமிழும் பட்டனும் மட்டும் உள்ள 2005-ஆம் ஆண்டு வோல்வோவில் எல்லாம் முடிய 10 விநாடி, 306 மீட்டர். சோதித்த புதுக் கார்களில் கடைசி இடம் பிடித்தது 44.6 விநாடி எடுத்துக்கொண்டது. அதற்குள் வண்டி 1,372 மீட்டர் ஓடியிருந்தது. ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல்!

காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப், இண்டிகேட்டர், எச்சரிக்கை விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டுணரும் சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் விதியை மாற்றியது. கண்ணாடிக் காற்று அந்த ஐந்தில் இல்லை என்பது எனக்கு வருத்தம். திருமயம் சாலையில் அன்று வைப்பர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது துடைத்தது தவறான பக்கத்தை.

கோடையில் விஷயம் வேறு. ஆத்தங்குடியில் கல்யாணம், பந்தலுக்கு வெளியே மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற கார். உள்ளே இருக்கும் காற்று வெளியே இருப்பதைவிடக் கொதிக்கும். அதை ஏ.சி. குளிர்விக்கும்வரை காத்திருப்பதைவிட வெளியே தள்ளிவிடுவதே சுலபம். ஜன்னல்களை இறக்கி, புளோயரைக் கூட்டி ஒரு நிமிடம் ஓட்டினால் போதும். வளவு வீட்டில் முற்றம் வழியாகச் சூடு மேலே போய்விடுவது மாதிரி. பிறகு கண்ணாடியை ஏற்றி, காருக்குள் சுற்றி வரும் அம்புக்குறி போட்ட பட்டனை அழுத்த வேண்டும். அதன்பின் வெளிக்காற்று வராது, ஏற்கெனவே குளிர்ந்த காற்றே திரும்பத் திரும்பக் குளிரும். தானியங்கி ஏ.சி. என்றால் 24-ல் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். 18-க்குக் குறைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பிரமை. கார் கொதிக்கும்போது அது எப்படியும் முழு மூச்சில்தான் ஓடும்.

ஆனால் அந்தச் சுற்று பட்டனை மறந்துவிடுவது ஆபத்து. நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கரியமில வாயு. நான்கைந்து பேர் இருக்கும் மூடிய காரில் அது மளமளவென ஏறும். வெளியே பத்து லட்சத்துக்கு 420 பங்கு என்றால் உள்ளே சில ஆயிரத்தைத் தொடும். கல்யாணச் சாப்பாடு, பிற்பகல் இரண்டு மணி, நேரான சாலை, கூடவே இந்தக் காற்று. கண் சொருகுகிறது என்றால் முதலில் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். தூக்கம் தூக்கம்தான், அதற்கு நிறுத்தி இறங்குவதே வழி. இருந்தாலும் தலைபாரம் குறையும். மழையில் கண்ணாடி வெளுப்பதற்கும் பாதிக் காரணம் இதே பட்டன் கோடையிலிருந்து அப்படியே இருப்பதுதான்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஒன்று செய்து பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, புளோயரைக் குறையுங்கள், சூட்டைக் கூட்டுங்கள், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். மூன்றும் கைக்கு அகப்படுகிறதா? மைலேஜைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்கிறோம், இதற்கு ஒரு நிமிடம் போதும். திரை உள்ள காரை ஏற்கெனவே வாங்கியவர்கள், மழைக்காலம் தொடங்கும்போதே வாசலில் நிறுத்தி எது எங்கே என்று பழகிக்கொள்ளலாம். கிளம்பும்முன் எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். வழியில் மாற்ற வேண்டியிருந்தால் பக்கத்துச் சீட்டில் இருப்பவரைச் செய்யச் சொல்லலாம். அப்பச்சிக்கு இப்போது நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அப்பச்சியின் பழைய காரில் தேவகோட்டை போய்வந்தோம். பதினான்கு வருட வண்டி, மூன்று குமிழ். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி வெளுக்கத் தொடங்கியதும் இடது கை தானாகப் போனது. நடுக் குமிழ் கடைசி வரை, வலக் குமிழ் இரண்டு 'டக்' சிவப்புப் பக்கம், ஏ.சி. பட்டன் உள்ளே. சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடியின் அடியிலிருந்து விசிறி விரிகிற மாதிரி வெண்மை விலகிக்கொண்டே மேலே போனது. முதலில் பானட் தெரிந்தது, பிறகு சாலையின் வெள்ளைக் கோடு, பிறகு கோட்டின் ஓரமாகக் குடை பிடித்து நடந்துபோன ஒருவர்.