பெட்டி எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்

டிரெய்லர் செய்யச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் விலை பேசுவதில்லை. பட்டறைத் தரையைப் பெருக்கச் சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுப்பேன். இருபது ஆண்டுகளாக டெல்டாவில் டிராக்டர் டிரெய்லர் கட்டுகிறேன். தரையில் கோடு போடாமல் கட்டிய வண்டிகளில் பாதி, ஒரே பருவத்தில் வெட்டி ஒட்டுவதற்குத் திரும்பி வந்திருக்கின்றன.

சென்ற சித்திரையில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். உட்கார்ந்து ஓட்டும் நடவு இயந்திரம் ஒன்றும் பவர் டில்லர் ஒன்றும் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்துவிட்டால் குறுவை நடவுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். வயலோரம் நிறுத்திய வண்டியில் இரவோடு இரவாக பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், மழையில் ஸ்டார்ட்டர் நனைந்து காலையில் மக்கர் செய்கிறது. அதனால் பூட்டக்கூடிய, மூடிய டிரெய்லர் வேண்டும் என்றார். தேவை நியாயமானது. கேள்விதான் தவறு: "அண்ணே, பன்னிரண்டுக்கு ஏழு பெட்டி. எவ்வளவு ஆகும்?"

தரையில் பன்னிரண்டுக்கு ஏழு கட்டம் போட்டேன். "இயந்திரத்தைக் கொண்டுவாருங்கள் தம்பி, இதற்குள் நிறுத்திக் காட்டுங்கள்" என்றேன். அடுத்த வாரம் மினி லாரியில் கொண்டுவந்தார். நாற்றுத் தட்டு வைக்கும் தாங்கிகளை மடக்கிய பிறகும் அகலம் ஏழடிக்குச் சற்று மேலே நின்றது. பவர் டில்லரின் கைப்பிடி பின்கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. "சரி, இப்போது இறங்கி வாருங்கள். கோடுதான் சுவர்" என்றேன். இருக்கையிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கால் சுவருக்கு வெளியே இருந்தது.

மூடிய பெட்டியில் இதை யாரும் யோசிப்பதில்லை. திறந்த டிரெய்லரில் பக்கவாட்டில் குதித்துவிடலாம். பெட்டிக்குள் ஓட்டிப் போனவர் எந்த வழியாக வெளியே வருவார்? பின்பக்கத்தை இயந்திரம் அடைத்திருக்கும். இயந்திரத்தை ஏற்றி நிறுத்தும்போது ஓட்டுநரின் படி எங்கே வருகிறதோ அதற்கு நேராக ஓர் ஆள் கதவு வேண்டும், இல்லையென்றால் முன்புறம் ஆள் நடக்கும் இடம் விட்டு அங்கே வேண்டும். இது தெரியாமல் அழகுக்காக எங்காவது நடுவில் வைத்த கதவு, கடைசியில் டயரைப் பார்த்துத் திறக்கும்.

அகலத்தைக் கூட்டலாமே என்றால் அங்கே சட்டம் நிற்கிறது. வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டியை எட்டடிக்குக் கொண்டுபோனால் சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் இடமில்லை, அவை தளத்துக்கு அடியில் போக வேண்டும். சக்கரம் அடியில் போனால் தளம் தரையிலிருந்து மூன்றடி உயரும். தளம் உயர்ந்தால் ஏற்றும் சாய்தளம் நீள வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். விலைப்பட்டியலைப் பார்த்து "இது வேண்டும், அது வேண்டாம்" என்று டிக் அடிக்கிற வேலை இல்லை இது.

கணக்கைப் பாருங்கள். பெட்டியின் பின்சுவரையே கீழே சாய்த்துச் சாய்தளமாக்குவதுதான் வழக்கம். ஏழடி உயரக் கதவை மூன்றடித் தளத்திலிருந்து சாய்த்தால் ஏற்றம் ஏறக்குறைய 25 பாகை. காய்ந்த தரையிலேயே அது பயமுறுத்தும். வண்டல் அப்பிய சக்கரத்தோடு, ஐப்பசி மழையில், இரும்புத் தகட்டின் மேல் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கதவின் முனையில் ஐந்தடிக்கு ஒரு மடிப்பு சேர்த்துப் பன்னிரண்டடி ஆக்கினால் ஏற்றம் 15 பாகைக்குக் கீழே வந்துவிடும். செலவு கூடும், கதவின் எடையும் கூடும், தூக்குவதற்கு ஸ்பிரிங்கோ கையால் சுற்றி இழுக்கும் வின்ச்சோ வேண்டும். அந்த வின்ச்சை எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் உயிரை விட்ட நாளில் அதை உள்ளே இழுப்பதற்கும் அதுதான் உதவும். சாய்தளத்தில் செக்கர் தகடு மட்டும் போதாது. நம் களிமண் அதன் புடைப்புகளை முதல் நாளே நிரப்பிவிடும். சாண் இடைவெளியில் குறுக்காக ஆங்கிள் பட்டையை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பக்கமாக ஏற்ற வேண்டும், முன்னோக்கியா பின்னோக்கியா என்பது இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். வண்டி வாங்கிய அன்று உறை பிரிக்காமல் பரணில் போட்டோமே, அந்தக் கையேட்டில்தான்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று கட்டிக் கொடுத்தேன். வெண்ணாற்றங்கரை மேட்டில் டிராக்டரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பவர் டில்லரை ஏற்றியிருக்கிறார்கள். இயந்திரம் சாய்தளத்தின் உச்சிக்கு வந்ததும் அதன் மொத்த எடையும் டிரெய்லரின் பின்விளிம்பில் உட்கார்ந்தது. பின்பக்கம் அமுங்க, முன்பக்கக் கொக்கி டிராக்டரின் பின்புறத்தைத் தூக்கியது. டிராக்டரின் கைபிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அவற்றுக்குப் பிடிப்பு தளர்ந்ததும் எல்லாமாகச் சேர்ந்து கரைச் சரிவில் நகர்ந்தன. ஒரு தென்னை மரம் நிறுத்தியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, தென்னைக்கும்தான். அன்றிலிருந்து பின்விளிம்பின் இரு மூலையிலும் இறக்கிவைக்கும் முட்டுக்கால் இல்லாமல் என் பட்டறையிலிருந்து டிரெய்லர் வெளியே போவதில்லை. சக்கரத்துக்கு அணை கொடுக்க இரண்டு மரக்கட்டைகளைச் சங்கிலியில் கோத்தே கொடுத்துவிடுவேன். தனியாகக் கொடுத்தால் அடுப்புக்குப் போய்விடும்.

அந்தச் சம்பவத்தின் மறுபக்கம் ஓடும்போது வருகிறது. ஏற்றிய எடை அச்சுக்குப் பின்னால் நின்றால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கியின் மேல் அமர்ந்தால் ஓட்டம் நிதானமாக இருக்கும். அளவு மீறினால் டிராக்டரின் முன்சக்கரம் மிதந்து ஸ்டியரிங் கேட்காது. எனவே அச்சு எங்கே வரவேண்டும் என்பதைப் பெட்டியின் நீளத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது, இயந்திரங்கள் நிற்கும் இடத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். சுண்ணக்கட்டிக் கோட்டுக்குள் இரண்டு இயந்திரங்களையும் நிறுத்திய பிறகே அச்சுக்குப் புள்ளி வைக்கிறேன். இயந்திரத்தின் எடையோடு சேறு, டீசல் கேன், நாற்றுத் தட்டுகள், பெட்டியின் சொந்த எடை எல்லாவற்றையும் கூட்டித்தான் அச்சும் டயரும் வாங்க வேண்டும்.

கட்டுவதற்கான வளையங்களைத் தளத் தகட்டின் மேல் ஒட்டாதீர்கள். தகடு கிழிந்து வரும். அடியில் ஓடும் சேனல் சட்டத்தோடு வெல்டிங் ஆக வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு நான்கு மூலை, நான்கு தனித்தனி பெல்ட். ஒரே கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் ஓரிடத்தில் அறுந்ததும் மொத்தமும் அவிழும். நைலான் கயிறு நனைந்தால் இழுபடும். நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டைத்தான் நான் சொல்வேன். அதையும் புறப்பட்டு நாலைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி ஒன்று. சிலர் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், மேலே தட்டுகளை அடுக்க வேண்டும் என்று ஒன்பதடி கேட்கிறார்கள். தளத்தோடு சேர்த்தால் பன்னிரண்டடி. தாழ்வழுத்த மின்கம்பி சாலையைக் கடக்கும் இடத்தில் 5.8 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பங்கள் சாய்ந்து, கம்பி தொய்ந்து, சாலையும் மேலே மேலே போட்டு உயர்ந்துவிட்ட ஊர்களை நான் நிறையப் பார்க்கிறேன். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. உங்கள் பெட்டியும் இரும்புதான். ஏழடிக்கு மேல் வேண்டாம் என்பேன். காற்றுக்கும் அதுவே நல்லது. கரைச் சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது உயரமான பெட்டி பாய்மரமாகிவிடும். செயின் வகை அறுவடை இயந்திரத்துக்கு மூடிய பெட்டி கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவது இந்த உயரத்துக்காகவும் எடைக்காகவும்தான். அதற்கு லாரியே சரி.

துரு பற்றி வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று குழாய் இரும்பை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், தட்டினால் விரல் உள்ளே போகும். குழாய்களின் முனைகளை மூடி, அடியில் நீர் வடிய ஒரு துளை விடச் சொல்லுங்கள். அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேராக ஆணியடித்தால் இரண்டும் தொடும் இடம் அரிக்கும், நடுவில் ரப்பர் பட்டை கொடுங்கள். தளத்தில் கழுவுநீர் வடிய வழி இருக்கட்டும். யூரியா மூட்டையை உள்ளே வைக்காதீர்கள். மின்கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் ஓட்டுங்கள். நெல் விளைகிற ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை, பின்விளக்கு எரியாத டிரெய்லர்களில் பாதி அதன் பல் வேலைதான். வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிர்பட்டையைப் பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்டியே ஆக வேண்டும்.

காகிதம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம், அதற்கும் தனிப் பதிவு வேண்டும். என்னைப் போன்ற பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் என்னென்ன சான்று கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரை வாடகைக்கு ஓட்டினால் விபத்து நேரும்போது காப்பீட்டில் சிக்கல் வரலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காற்றோட்டம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மேலே மட்டும் ஜன்னல் வைத்தால் பயனில்லை. கீழே தளத்தையொட்டி எதிரெதிராக இரண்டு துளைகளும், மேலே கூரையோரம் இரண்டும் வேண்டும். அவற்றை அடைக்க முடியாத வகையில் வைக்க வேண்டும். ஏனென்றால் பருவ நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் ஆள் தூங்குவார். சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி என்று வெளியூரிலிருந்து வரும் ஓட்டுநர்கள் கொசுவுக்குப் பயந்து உள்ளே படுத்துக் கதவைச் சாத்திக்கொள்வதையும், கொசு வராமலிருக்கத் துளைகளில் சாக்கைத் திணிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பெட்ரோல் கேன், தலைமாட்டில் கொசுவத்திச் சுருள். மூடிய பெட்டிக்குள் இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டால்கூட கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமுமில்லை மணமுமில்லை. உள்ளே யாரும் படுக்கக் கூடாது என்று உரிமையாளரிடம் சொல்வேன். ஆனாலும் படுப்பார்கள் என்று தெரியும். அதனால் எல்லாக் கதவுகளுக்கும் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் வைக்கிறேன், வெளியே பூட்டியிருந்தாலும் திறக்கிற மாதிரி. இதற்குக் கூலி கேட்பதில்லை.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் உரிமையாளரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவேன். விளக்கில்லாமல் அவரே தாழ்ப்பாளைத் தேடித் திறந்து வரவேண்டும். மன்னார்குடித் தம்பி உள்ளே போனார். சுவரைத் தடவும் சத்தம் கேட்டது, எதிலோ முட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

"தாழ்ப்பாள் மேலே ஒளிர்பட்டை ஒட்டிவிடுங்கள் அண்ணே" என்றார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

இருட்டில் தானாக ஒளிவிடும் பட்டையாக வாங்கிவந்து ஒட்டினேன்.