கெர்வெகென் காசை வெள்ளி விலைக்குக் குடுத்துடாதீங்க

இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவு ரியூனியன்ல பழைய காசுக்கு மதிப்பு போட்டுக் குடுக்குறதுதான் என் தொழில். நம்ம மல்பார் குடும்பங்கள்ல, அதாவது தென்னிந்தியாவுல இருந்து கூலிக்கு வந்தவங்க வம்சத்துல இருந்து அடிக்கடி ஒரே மாதிரி வெள்ளிக்காசு வருது, ஒரு பக்கம் ஆஸ்திரிய ராஜா தலை, மறுபக்கம் ரெட்டைத்தலைக் கழுகு, அதுல 20ன்னு நம்பர். ஏதோ வெளிநாட்டுக் காசு, உருக்கினா எவ்வளவு வரும்னு கேக்குறாங்க. தயவுசெஞ்சு உருக்காதீங்க.

1859ல தீவுல சில்லறைப் பஞ்சம். காப்ரியேல் லெ கோவா த கெர்வெகென்ங்கிற கரும்புத் தோட்ட முதலாளி, ஆஸ்திரியாவுல செல்லாமப் போன 20 கிராய்ட்ஸர் காசை மொத்தமா வாங்கி கப்பல்ல கொண்டாந்து, காசு ஒண்ணு ஒரு பிராங்க்னு கூலி குடுக்க ஆரம்பிச்சார், அது 1879 வரைக்கும் இங்க புழங்குச்சு. இந்தியக் கூலிகளை இங்க அனுப்ப பிரிட்டனும் பிரான்ஸும் போட்ட 1860 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கூட்டம் கூட்டமா வந்து இறங்கின நம்ம பாட்டன் பூட்டன் காலமும் அதேதான்.

கணக்கைப் பாருங்க. நிஜ பிராங்க் 5 கிராம், அதுல சுத்த வெள்ளி 4.5 கிராம். இந்த 20 கிராய்ட்ஸர் காசு 6.68 கிராம், கையில வாங்கினா கனமாத்தான் இருக்கும், ஆனா கலப்பு ஜாஸ்தி, சுத்த வெள்ளி 3.9 கிராம்தான். ஆம்பளைக்கு மாசக்கூலி 12.50 பிராங்க், அதை முழுக்க இந்தக் காசுல குடுத்தா மாசம் ஏழரை கிராம் வெள்ளி குறையுது. தீவுக்குள்ள ஒரு பிராங்க், ஊருக்குத் திரும்பினா வெறும் வெள்ளித்துண்டு. இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது.

இப்ப முக்கியமான விஷயம், இந்தக் காசுல கெர்வெகென் தனியா முத்திரை எதுவும் குத்தல. அதனால போன வாரம் நெட்ல வாங்கின 20 கிராய்ட்ஸரும் உங்க பூட்டி முந்தானையில முடிஞ்சு வச்சதும் பாக்க ஒண்ணுதான், கெர்வெகென் காசுன்னு சொல்லி யாராவது கூட விலை கேட்டா ஆதாரம் என்னன்னு கேளுங்க. 1868லயும் ஆஸ்திரியா 20 கிராய்ட்ஸர் அடிச்சுச்சு, அது சின்னது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆதாரம் உங்க குடும்பம்தான். எந்தத் தோட்டம், யார் கைல இருந்து யாருக்கு வந்துச்சு, பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க, பழைய ஒப்பந்தச் சீட்டு இருந்தா அதோடயே வைங்க. புளி, சாம்பல், பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீங்க, கருப்பு இருந்துட்டுப் போகட்டும். கழுத்துல போட வளையம் பத்த வச்சிருந்தா அதையும் பிடுங்காதீங்க, சேகரிக்கிறவங்க விலையைக் குறைப்பாங்கதான், ஆனா நம்ம வீட்டுப் பொம்பளைங்க போட்டிருந்ததுக்கு வேற சாட்சி கிடையாது. பாகம் பிரிக்கிறப்ப காசு ஒருத்தர் கிட்ட, சீட்டு இன்னொருத்தர் கிட்டன்னு மட்டும் போகவே கூடாது.