ஈவென்ட்: நிகழ்வு

திரையில் பட்டனை அழுத்தினாலும், கட்டத்தில் எண்ணைத் தட்டினாலும் புரோகிராமர்கள் அதை ஈவென்ட் என்கிறார்கள். 'வெளியே வருதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. தமிழில் நிகழ்வு என்பதே பொருத்தம். நிகழ்ச்சி என்றால் மேடையும் டிவியும் நினைவுக்கு வரும். சம்பவம் என்றால் போலீஸ் செய்தி போல ஒலிக்கும். தொல்காப்பியம் முக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று வகுக்கிறது. அங்கே நிகழ்வு நிகழ்காலம். கணினியில் அது 'ஒன்று நடந்தது' என்ற அறிவிப்பு. அந்த அறிவிப்பைப் பெற்று வேலை செய்யும் ஃபங்ஷனை, அதாவது கட்டளைத் தொகுப்பை, ஹேண்ட்லர் என்கிறார்கள். தமிழில் நிகழ்வுக் கையாளி.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு பில் போடும் ஆப் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு உருப்படிக்கும் எடை, சேதாரம், கூலி கொண்ட ஒரு வரிசை, அடியில் மொத்தம். இரண்டும் தனித்தனிக் கூறுகள், அதாவது காம்பொனென்ட்கள். வரிசை நேராக மொத்தத்தில் கை வைக்கக் கூடாது. 'எடைமாறியது' என்ற நிகழ்வை உருப்படி எண்ணோடும் புது எடையோடும் எழுப்பினால் போதும். இரண்டையும் தனக்குள் வைத்திருக்கும் பில் கூறு அதைக் கேட்டு, தன் தரவைத் திருத்தி, மொத்தத்துக்குக் கொடுக்கும். நாளைக்கு வெள்ளி இருப்புக் கணக்கைச் சேர்த்தாலும் வரிசையின் கோடில் ஒரு வரிகூட மாறாது.

பெயரில் கவனம் தேவை. 'மொத்தத்தைக்கூட்டு' என்று ஏவலில் பெயர் வைத்தால், யார் கேட்கிறார்கள் என்பது வரிசைக்குத் தெரிந்தாக வேண்டும். பிரித்த பயனே போய்விடும். இறந்தகால வினைமுற்றில் வையுங்கள்: எடைமாறியது, உருப்படிநீக்கப்பட்டது.

பக்கத்தில் பட்டன், கட்டம் போன்ற உறுப்புகள் (எலிமென்ட்கள்) ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். உள் உறுப்பில் எழுந்த நிகழ்வு படிப்படியாக வெளி உறுப்புகளுக்குச் செல்வது பப்ளிங். மேலெழல் எனலாம். 'கிளிக்' தானாக மேலெழும். ஒரு கட்டம் தட்டுவதற்குத் தயாராகும்போது வரும் 'ஃபோக்கஸ்' மேலெழாது, அதற்கு 'ஃபோக்கஸ்இன்' வேண்டும். நாமே உருவாக்கும் கஸ்டம் ஈவென்ட்டும், 'பபிள்ஸ்' என்ற அமைப்பை ட்ரூ என்று கொடுக்காதவரை மேலெழாது. எடை மாறியும் மொத்தம் அசையவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். கூறு ஷேடோ டாமுக்குள், அதாவது பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைத்த உள்பகுதிக்குள் இருந்தால், அந்த எல்லையைத் தாண்ட 'கம்போஸ்டு' என்பதையும் ட்ரூ ஆக்க வேண்டும்.

இன்னொரு கோளாறு இரட்டிப்பு. ஒரே ஃபங்ஷனை ஒரே உறுப்பில் ஒரே நிகழ்வுக்குக் கையாளியாக இரண்டு முறை பதிந்தாலும் பிரவுசர் ஒரு முறைதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் திரை வரையப்படும்போதெல்லாம் புதிதாகப் பிறக்கும் பெயரில்லா ஃபங்ஷன், ஒவ்வொரு முறையும் புதுக் கையாளி. பழைய மொத்தத்தோடு கூட்டும்படி அது எழுதப்பட்டிருந்தால் 125.4 கிராம் கொலுசு 250.8 ஆகிவிடும். பெயருள்ள ஃபங்ஷனைப் பதிந்து, கூறு நீங்கும்போது அதே ஃபங்ஷனைக் கொடுத்து நீக்குங்கள். மொத்தத்தையும் எப்போதும் தரவிலிருந்து புதிதாகக் கணக்கிடுங்கள்.

எடைக் கட்டத்தில் 'இன்புட்' என்ற நிகழ்வு ஒவ்வொரு தட்டலுக்கும் எழும், 125.4 தட்டினால் ஐந்து முறை. 'சேஞ்ச்' கட்டத்தை விட்டு வெளியேறும்போதோ என்டர் அழுத்தும்போதோதான் எழும். திரையில் மொத்தத்தைக் காட்ட முன்னது சரி. சர்வரில் சேமிக்கப் பின்னதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 1, 12 என்ற அரைகுறை எடைகளும் பதிவாகும்.