சாயம் ஏறாத செல்கள்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குப் புரோஸ்டேட் பயாப்சியில கிளீசன் 3+4னு வந்திருக்குதுங்க. கோயமுத்தூர் டாக்டர், பிளாக்கை வாங்கிட்டு வாங்க, பி-டென் பார்க்கோணும்ங்கறார். மறுபடியும் ஊசி குத்துவாங்களாங்க? குத்துனாப் பரவிரும்ங்கறாங்களே?"

குத்த மாட்டார்கள். பிளாக் என்பது முன்பே எடுத்த சதைதான். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, பயாப்சி செய்த லேபில் பத்திரமாக இருக்கும். ஊசி போன தடத்தில் புரோஸ்டேட் புற்று பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்திலேயே நாள் கடத்தி, நோய் எலும்புக்கு ஏறிய பிறகு வருகிறவர்கள்தான் அரிதில்லை. இந்த ஊர்ப்பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

கிளீசன் எண், 1966இல் டொனால்டு கிளீசன் வகுத்தது. புரோஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்னச் சுரப்பிகளின் உருவம் எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதற்கான மதிப்பெண். 3+4 என்றால் இன்றைய ஐந்து தரங்களில் இரண்டாவது. ஆனால் 3+4 வாங்கிய இருவரில் ஒருவர் பல வருடம் சௌக்கியமாக இருப்பார்; இன்னொருவருக்கு நோய் முந்திக்கொள்ளும். உருவத்தில் தெரியாத இந்த வித்தியாசத்தைத்தான் புரதங்களில் தேடுகிறார்கள்.

பி-டென் அவற்றில் ஒன்று. அதற்கான ஜீன் 10ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1997இல் கண்டறிந்தார்கள். செல் சவ்விலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறில் கூடுதலாக ஒரு பாஸ்பேட் ஏறினால், 'வளர்' என்ற செய்தி உள்ளே போகும். அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றுவது பி-டென். ஜீன் தொலைந்துபோனால் கழற்ற ஆளில்லை, செய்தியும் ஓயாது.

இல்லாமல் போன ஒன்றை எப்படிப் பார்ப்பது? எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பிளாக்கிலிருந்து சுமார் நான்கு மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். அதை அவிழ்க்க சிட்ரேட் கரைசலில் கொதிக்க வைப்பார்கள். பல லேப்களில் இதற்குப் பிரஷர் குக்கரே போதும். பிறகு பி-டென்னை மட்டும் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதம். அதன் மேல் ஒரு நொதியைச் சுமந்த இரண்டாவது ஆன்டிபாடி. கடைசியாக ஊற்றும் நிறமியை அந்த நொதி, இருந்த இடத்திலேயே பழுப்பாகப் படிய வைக்கும்.

புற்றுச் சுரப்பி மட்டும் பழுப்பாகவில்லை என்று வையுங்கள். புரதம் இல்லையா, சோதனைதான் சொதப்பிவிட்டதா? திருப்பூர் சாயப்பட்டறைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்: துணி முழுக்கச் சாயம் பிடித்து ஒரு திட்டு மட்டும் வெள்ளையாக நின்றால், கோளாறு சாயத்தில் இல்லை, அந்தத் திட்டில். இங்கேயும் அதே கணக்குதான். பக்கத்திலிருக்கும் நல்ல சுரப்பிகளும் இணைப்புத் திசுவும் பழுப்பாகியிருந்தால் சோதனை சரி. வெளுத்து நிற்கும் செல்கள் பி-டென்னைத் தொலைத்தவை. நோயாளியின் நல்ல செல்களே அந்தச் சோதனைக்குச் சாட்சி. அக்கம்பக்கமும் வெளுத்திருந்தால் அந்த ஸ்லைடை வைத்து எதுவும் சொல்லக்கூடாது.

பி-டென் தொலைந்திருந்தால் அறுவைக்குப் பிறகு நோய் திரும்பவும், பரவவும் வாய்ப்பு கூடுதல். ஊசிக்குச் சிக்காத மோசமான பகுதி உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகமும் வரும். பெருகும் செல்களை எண்ண கே.ஐ-67, ஜீன் பழுதைக் காட்ட பி53 என்று வேறு புரதங்களும் உண்டு.

பி-டென் பழுப்பாகத் தெரிந்துவிட்டால் நிம்மதியா? முழுசாக இல்லை. ஒரே கட்டியில் ஓரிடத்தில் தொலைந்தும் இன்னோரிடத்தில் இருந்தும் வரும். எந்த பிளாக்கைச் சாயமிடுவது என்பதை நோய்க்குறியியல் மருத்துவர் தேர்ந்தெடுக்கட்டும். முடிவை ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு, ஸ்கேன், வயது எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

ஜீன் தொகுப்புச் சோதனைகளோடு ஒப்பிட்டால் இது மலிவு. நம் ஆஸ்பத்திரிகளில் பழைய பிளாக்குகளுக்கும் பஞ்சமில்லை; அவற்றைச் சாயமிட்டு, பி-டென் தொலைந்தவர்களுக்குப் பின்னால் என்ன ஆனது என்று பார்க்கலாம். அந்த நோயாளிகள் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேட்டு எழுதிவைக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் மனசு வருவதில்லை. புது மெஷினுக்கு ரிப்பன் வெட்டலாம், போன் போடுகிறவருக்கு வெட்ட முடியாதே.