நரையில் கருப்பு ஏறுவது எப்படி?

ஹேர் டை டியூபைப் பிதுக்கினால் வருவது பெரும்பாலும் வெள்ளை கிரீம்தான். கூட வரும் டெவலப்பரும் வெள்ளை. இரண்டையும் கிண்ணத்தில் கலந்து சிறிது நேரம் விட்டால் பழுப்பேறி, மெல்ல மெல்லக் கறுக்கிறது. கடையில் வாங்கிய பெட்டிக்குள் கருப்பு நிறம் இருக்கவில்லை. கலந்த பிறகுதான் அது உண்டாகிறது. அதுவும் முடிக்குள் போய் உண்டானால்தான் நிற்கும். ‘போன வாரம் அடிச்சது, அதுக்குள்ள வெளுத்துடுச்சு’, ‘வேர்ப்பக்கம் மட்டும் வேற கலரா இருக்கு’, ‘நெத்தியெல்லாம் அரிக்குது’ என்று பார்லரிலும் தோல் மருத்துவரிடமும் சொல்லப்படும் குறைகளில் பலவற்றுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

முடியின் மேற்புறத்தில் கியூட்டிகிள் எனப்படும் மெல்லிய செதில்கள், ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கியதுபோல, வேரிலிருந்து நுனி நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அதற்கு உள்ளே இருப்பது கார்டெக்ஸ். கெரட்டின் என்ற புரத இழைகளும், அவற்றுக்கு நடுவே நிறம் தரும் மெலனின் துகள்களும் அங்கேதான் உள்ளன. நரைத்த முடியில் இந்தத் துகள்கள் இல்லை. சாயம் நிலைக்க வேண்டுமானால் அந்தக் கார்டெக்ஸுக்குள் போயாக வேண்டும்.

வழி திறப்பது அம்மோனியா. கலவையின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை அது 9, 10 வரை உயர்த்துகிறது. முடி உப்பி, செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. அந்த இடைவெளியில் பாராஃபினைலின்டையமின் என்ற சின்னஞ்சிறு நிறமற்ற மூலக்கூறு உள்ளே நுழைகிறது. சுருக்கமாக இதை பி.பி.டி. என்பார்கள். ரிசார்சினால் போன்ற துணைப் பொருட்களும் கூடவே போகின்றன. டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பி.பி.டி.யை ஆக்சிஜனேற்றம் செய்ய, அது துணைப் பொருட்களோடு பிணைந்து பெரிய நிற மூலக்கூறாக மாறுகிறது. நுழைந்த வழியில் திரும்பிப் போக முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடுவதால் அங்கேயே தங்கிவிடுகிறது. பாரிஸில் யூஜின் ஷூல்லர் என்ற வேதியியலாளர் 1907-இல் செயற்கைச் சாயம் தயாரித்து, 1909-இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்றைய லோரியால் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ மாறியும், நிரந்தரச் சாயங்களின் அடிப்படை இன்றுவரை பி.பி.டி.யும் அதன் நெருங்கிய உறவுப் பொருட்களும்தான்.

இது புரிந்தால் பெட்டியில் போட்டிருக்கும் நேரக் கணக்கும் புரியும். உள்ளே நுழையவும் பிணைந்து பெரிதாகவும் பொதுவாக அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் ஆகும். பார்வைக்குக் கறுத்துவிட்டதே என்று பதினைந்தாவது நிமிடத்தில் அலசினால், பாதி வளர்ந்த சிறு மூலக்கூறுகள் அடுத்தடுத்த குளியலில் வெளியேறிவிடும். ஒரு வாரத்தில் வெளுப்பதற்கு முக்கியமான காரணம் இது. மிச்சக் கலவையை டப்பாவில் மூடி அடுத்த மாதத்துக்கு எடுத்து வைப்பதிலும் பயனில்லை. பிணைப்பு வேலை கிண்ணத்திலேயே முடிந்திருக்கும். அந்தப் பெரிய மூலக்கூறு முடிக்குள் போகாது. போதாக்குறைக்குப் பெராக்சைடு வெளிவிடும் வாயுவால் மூடிய டப்பா வெடிக்கவும் கூடும். தேவையான அளவு மட்டும் கலக்குங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

வேர்ப்பக்கம் நிறம் மாறித் தெரிவதற்கு உடல் சூடு ஒரு காரணம். தலைத்தோலை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் முடி எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே வேதிவினை வேகமாக நடக்கிறது. முடியின் நிறத்தைவிட வெளிர் நிறம் போடும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இன்னொரு காரணம் நம் பழக்கம். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. புதிதாக வளர்ந்த அந்த நரைக்கு மட்டும் டை போதும். ஆனால் பலர் ஒவ்வொரு முறையும் நுனிவரை பூசுகிறார்கள். நுனியில் சாயத்தின் மேல் சாயம் ஏறி மையாகக் கறுத்து, செதில்கள் திரும்பத் திரும்பத் தூக்கப்பட்டுச் சொரசொரப்பாகி, முடி உடையத் தொடங்குகிறது.

‘அம்மோனியா இல்லாதது’ என்ற விளம்பரத்துக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. அம்மோனியாவுக்குப் பதிலாக அவற்றில் பெரும்பாலும் எத்தனாலமைன் இருக்கும். அதுவும் காரம்தான், ஆவியாகாததால் நெடி இல்லை. மூக்குக்கு நிம்மதி என்பது உண்மை. முடிக்குச் சேதமே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எந்த டையாக இருந்தாலும் கடைசியில் சற்று அமிலத்தன்மை உள்ள கண்டிஷனர் போட்டால் செதில்கள் படிய உதவும்.

வருடக்கணக்காகக் கருப்பு அடித்தவர், மகளின் கல்யாணத்துக்குப் பர்கண்டியோ பழுப்போ வேண்டும் என்று பார்லருக்குப் போகும்போது வருகிற ஏமாற்றம் வேறு வகை. புதிய டை பழைய டையை வெளுக்க வைக்காது. கருப்பின் மேல் பழுப்பைப் பூசினால் கருப்புதான் தெரியும். முதலில் பெர்சல்ஃபேட் கலந்த பவுடராலும் பெராக்சைடாலும் ப்ளீச் செய்து கருப்பை உடைக்க வேண்டும். நம் கருமுடியை வெளுத்தால் முதலில் சிவப்பு, அடுத்து ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் என்றுதான் வரும். ஆரஞ்சை அடக்க நீலச் சாயல், மஞ்சளை அடக்க ஊதாச் சாயல் சேர்ப்பது அதனால்தான். ஒவ்வொரு படியிலும் கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளும், முடிக்கு வழவழப்புத் தரும் மேற்பரப்புக் கொழுப்பு அடுக்கும் கரைகின்றன. இதை ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். முதல் முறை டை அடிப்பவர்களுக்கும் என் யோசனை, சுத்தக் கருப்பைத் தவிர்த்து அடர்பழுப்பில் தொடங்குங்கள் என்பதே. முகத்துக்கு இயல்பாக இருக்கும், பின்னால் மாற்ற நினைத்தாலும் வழி இருக்கும்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது ஒவ்வாமையைப் பற்றி. பி.பி.டி. தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளக்கூடியது. சிலருடைய நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாக அடையாளம் கண்டு, டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களில் அந்த நினைவைப் பதித்துக்கொள்கிறது. இந்த அடையாளம் முதல் தடவையிலேயே ஏற்படலாம், இருபது வருடம் கழித்தும் ஏற்படலாம். ‘இத்தனை வருஷமா அடிக்கிறேன், ஒண்ணும் ஆனதில்லை’ என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது. பதிந்த பிறகு அது அழிவதும் அரிது. டை அடித்த மறுநாளோ மூன்றாம் நாளோதான் காதோரம் அரிப்பு, கண்ணிமை வீக்கம், தலைத்தோலில் நீர் வடிதல் என்று தொடங்கும். அதனால் பலர் முந்தாநாள் சாப்பிட்ட கத்தரிக்காயையும் கருவாட்டையும் சந்தேகப்படுகிறார்கள், டையை நினைப்பதில்லை. நம் மாநிறத் தோலில் வேறு மாதிரியும் வரும்: அரிப்பே இல்லாமல் நெற்றியும் கன்னத்தின் ஓரமும் கழுத்தும் மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். வெயில் என்றும் வயது என்றும் நினைத்து முகத்துக்கு கிரீம் பூசிக்கொண்டே, மாதாமாதம் டையும் அடிப்பார்கள். டையை நிறுத்தாமல் அந்தக் கருமை தீராது.

பி.பி.டி. உள்ள டை பெட்டிகளில், முன்னதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், புருவத்துக்கும் இமைமுடிக்கும் பயன்படுத்தினால் பார்வை பறிபோகலாம் என்றும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். பொடி எழுத்தாக இருந்தாலும் அதைப் படியுங்கள். டை அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு, பெட்டியில் சொன்ன முறைப்படி, காதின் பின்புறத்திலோ முழங்கை மடிப்பிலோ துளி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்த டை உங்களுக்கு இல்லை. முகம் வீங்கினால் தோல் மருத்துவரிடம் போங்கள். மூச்சு திணறினால் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பயந்துபோய் ‘கருப்பு மருதாணி’க்கு மாறுகிறவர்கள் பலர் அதே பொருளிடம்தான் திரும்பப் போகிறார்கள். மருதாணி இலையின் நிறப்பொருள் லாசோன். அது கெரட்டினோடு பிணைந்து தருவது செம்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரை. தனி மருதாணி எந்தக் காலத்திலும் கருப்பு தராது. ஒரே பூச்சில் கருகருவென்று ஆக்கும் பொடியில் பெரும்பாலும் பி.பி.டி. இருக்கும். கல்யாண வீட்டில் கைக்கு வைக்கும் சில கருப்பு கோன்களிலும் இருக்கும், அதுவும் தலைமுடி டையைவிட அதிக அடர்த்தியில். குழந்தைகளின் கையில் அதை வைக்கவே கூடாது. அந்த ஒரு நாள் கொண்டாட்டத்தில் பதியும் ஒவ்வாமை ஆயுள் முழுக்கத் தொடரலாம்.

செடியிலிருந்தே கருப்பு வேண்டுமென்றால் மருதாணியோடு அவுரி வேண்டும். திண்டிவனம் பக்கம் பயிராகும் அதே நீலச்சாயச் செடி. முதலில் மருதாணியைப் பூசி ஊறவிட்டு அலச வேண்டும். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, கொஞ்ச நேரத்திலேயே பூசிவிட வேண்டும். இலையில் உள்ள இண்டிகன் நீரில் பிரிந்து, காற்று பட்டதும் நீலமாக மாறும்; எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அந்த வேலை கெட்டுவிடும். செம்மையும் நீலமும் சேர்ந்துதான் கருப்பாகத் தெரிகிறது. அலசியவுடன் பச்சை சாயல் தட்டினால் பதற வேண்டாம், ஓரிரு நாளில் அடர்ந்துவிடும். ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மட்டும் மருதாணியும் ஆகாது. லாசோன் அவர்களுடைய சிவப்பணுக்களை உடைக்கும். அவுரி போட்ட முடியைப் பின்னாளில் ப்ளீச் செய்தால் பச்சை நிறம் மிஞ்சிவிடக்கூடும். பார்லரில் நாற்காலியில் உட்கார்ந்ததுமே தலைக்கு இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள்.