நீட்டின கையும் கும்பிட்ட கையும்

ஹெச்.ஆர். வேலைக்கு வந்து 18 வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல கோயம்புத்தூர் சுத்துவட்டார ஃபேக்டரிங்கள்ல தான். சம்பளம், லீவு, பிஎஃப்னு வர்ற பஞ்சாயத்துக்கெல்லாம் ரூல் இருக்கு, எடுத்துப் பார்த்து பதில் சொல்லிடலாம். ஆனா காலையில ஒருத்தர ஒருத்தர் பாக்கும்போது என்ன செய்யணும்னு எங்கயும் எழுதி வைக்கல, அதுல வர்ற மனக்கசப்பு இருக்கே, வெளிய சொல்லவும் முடியாம வருஷக்கணக்குல உள்ளயே கிடக்கும்.

முன்னாடி நான் இருந்த ஒரு கம்பெனியில நடந்தது இது. புதுசா சேர்ந்த ட்ரெய்னி இன்ஜினியருங்களுக்கு கம்பெனியை அறிமுகப்படுத்தற இண்டக்‌ஷன். பிளான்ட் ஹெட் வந்தாரு, ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. வரிசையா எல்லாருக்கும் கை குடுத்துட்டே வர்றாரு, நாலாவதா நின்ன பொண்ணு ரெண்டு கையும் சேர்த்து "வணக்கம் சார்"னு சிரிச்ச முகமா சொல்லுச்சு. அவரோட கை அந்தரத்துல நின்னுச்சு. ரெண்டு செகண்ட் இருக்கும். அப்புறம் அந்தக் கைய பேண்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுட்டு அடுத்த பையன்கிட்ட போயிட்டாரு. யாரும் ஒண்ணும் பேசல, நானும்தான் பேசல.

ஆறு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணோட வேலையை நிரந்தரமாக்கற கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிளுக்கு வந்துச்சு. வேலையில ஒரு குறையும் இல்ல, ஆனா ரிமார்க்ஸ்ல ஆட்டிட்யூட் சரியில்லன்னு எழுதியிருக்கு. நேர்ல போய்க் கேட்டேன். "மொத நாளே நீட்டின கைய மதிக்கல, அந்தப் புள்ளை எப்படிம்மா டீமோட ஒத்துப்போகும்"ங்கறாரு. பொண்ணைத் தனியா கூப்பிட்டுக் கேட்டா, "மேடம், எனக்கு உள்ளங்கை சொட்டச்சொட்ட வேர்க்கும், பரீட்சை எழுதும்போது பேப்பர் நனையும்னு கர்சீப் வச்சுத்தான் எழுதுவேன், பெரியவர் கையில ஈரம் பட்டா தப்பா நினைப்பாருன்னு தான் கும்பிட்டேன்" அப்படின்னு கைய விரிச்சுக் காட்டுச்சு. பேசிட்டு இருக்கும்போதே ரேகைக்குள்ள முத்து முத்தா வேர்வை. இதுக்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ்னு பேரு, பயந்தாங்கொள்ளிங்கறதால வர்றது இல்ல, வேர்வைச் சுரப்பிக்குப் போற நரம்பு தேவைக்கு மேல வேலை செய்யறதால வர்றது.

அந்தப் பெரியவரைக் கெட்டவர்னு சொல்லிட்டுப் போயிடலாம்னு உங்களுக்குத் தோணலாம், எனக்கு அப்படித் தோணல. அவர் 80கள்ல டிப்ளமோ முடிச்சு சேர்ந்தவர், மொதலாளி கார் கேட்டுக்குள்ள வந்தா தோள்ல கிடக்கிற துண்டைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓரமா ஒதுங்கி நின்ன ஆளுங்களோட வேலை பார்த்தவர். யார் யாரைத் தொடலாம்ங்கறதையே சாதி முடிவு பண்ணிட்டு இருந்த ஊரு நம்மளது, அரசியல் சட்டம் 17வது பிரிவுல தீண்டாமையை ஒழிச்சாச்சுன்னு 1950லயே எழுதிட்டாலும் டீக்கடையில தனி கிளாஸ் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இருந்துச்சு. அப்படி இருக்கற இடத்துல மேல இருக்கறவன் இறங்கி வந்து தொழிலாளி கையைப் பிடிச்சுக் குலுக்குனா அது சும்மா ஸ்டைல் இல்லீங்க, நீயும் நானும் ஒண்ணுன்னு சொல்றது. அந்த மனுஷன் வாழ்க்கை பூரா அதை ஒரு கொள்கையாவே வச்சிருந்தாரு, ஸ்வீப்பர்ல இருந்து டைரக்டர் வரைக்கும் ஒரே மாதிரி கை குடுப்பாரு. அதனால எதிர்ல இருக்கறவங்க கும்பிட்டா அவருக்கு அது தள்ளி நிக்கற மாதிரி தெரிஞ்சிருக்கு. இத்தனைக்கும் அவங்கப்பா காலத்துல "கும்பிடறேன் சாமி"ங்கறதை விட்டுட்டு நிமிந்து நின்னு "வணக்கம்"னு சொன்னதே பெரிய மாற்றம், அப்ப அதுதான் சமத்துவம்.

இப்ப வர்ற புள்ளைங்க கதை வேற. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்போ காலேஜ்ல இருந்தவங்க, யாரையும் தொடாத, மூணடி ஆறடி தள்ளி நில்லுன்னு ரெண்டு வருஷம் சொல்லி வளத்தோம், மொத வேலையே வீட்டுக்குள்ள லேப்டாப்ல, மேனேஜருக்கு குட்மார்னிங்னா அது சாட்ல ஒரு கை காட்டற பொம்மை. அவங்க காரிடார்ல தலையை மட்டும் லேசா ஆட்டிட்டுப் போறது திமிரு இல்ல, அவங்களுக்கு வணக்கம்னாலே அவ்வளவுதான். "காதுல அந்த ஒயரை மாட்டிட்டு ஆளைப் பாத்தும் பாக்காத மாதிரி போகுதுங்க"ன்னு சூப்பர்வைசருங்க வாரத்துக்கு ஒருதரமாவது என்கிட்ட வந்து சொல்லுவாங்க. அந்தப் பசங்களைக் கேட்டா "அவர் போன்ல பேசிட்டு இருந்தாரு மேடம், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நினைச்சேன்"ம்பாங்க. ரெண்டு பக்கமும் மரியாதை இருக்கு, ஆனா போய்ச் சேரல.

பொண்ணுங்க விஷயத்துல இன்னொண்ணு இருக்கு, சீனியர்ஸ் இதைக் கோவப்படாம கேக்கணும். 2013ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், போஷ்னு சொல்றோமே, அதுல விருப்பமில்லாத உடல் தொடுதலும் வருது, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற எல்லா இடத்துலயும் இதை விசாரிக்க உள்கமிட்டி இருக்கணும். கை குடுத்தாலே கேஸ்னு பயப்பட வேண்டாம், சட்டம் அப்படிச் சொல்லல. ஆனா குடுத்த கையை விடாம பேசறது, இன்னொரு கையால மேல மூடிப் பிடிக்கறது, போகும்போது தோள்ல தட்டறது, இதெல்லாம் "பொண்ணு மாதிரி நினைச்சுத்தான்"னு செஞ்சாலும் நின்னுட்டு இருக்கற பொண்ணுக்கு எப்படி இருக்குன்னு தான் பார்க்கணும். மேல இருக்கறவர் கை நீட்டிட்டா கீழ இருக்கறவங்களுக்கு வேண்டாம்னு சொல்ற வசதியே கிடையாது, அதை யோசிச்சுப் பாருங்க. மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்ங்கறதுக்குத் தான் அந்த ஃபைல் இருக்கே.

மதம் காரணமாவும் சிலர் எதிர்பாலினத்துக்குக் கை குடுக்க மாட்டாங்க, நெஞ்சுல கை வச்சுத் தலை குனிவாங்க. ஸ்வீடன்ல ஒரு முஸ்லிம் பொண்ணு வேலை இன்டர்வியூல இப்படிச் செஞ்சதுக்காக இன்டர்வியூவையே பாதியில நிறுத்திட்டாங்க, 2018ல அந்த நாட்டு தொழிலாளர் நீதிமன்றம் அது பாகுபாடுன்னு சொல்லி 40,000 குரோனர் நஷ்டஈடு குடுக்க வச்சுது. கை குலுக்கறதையே பழக்கமா வச்சிருக்கற நாட்டுலயே அப்படி.

நான் இப்போ மேனேஜருங்ககிட்ட சொல்றது, எதிர்ல வர்றவங்க கை எங்க போகுதுன்னு அரை செகண்ட் பாருங்க, நீளுதா பிடிங்க, சேருதா நீங்களும் சேருங்க. புதுசா வர்றவங்ககிட்ட, கை குடுக்க முடியலன்னா வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு சொல்றேன், "சார், கை வேர்த்திருக்கு"ன்னு சொன்னா எந்தப் பெரியவரும் கோச்சுக்க மாட்டாரு. அந்தப் பிளான்ட் ஹெட்கிட்டயும் நான் போய் விஷயத்தைச் சொன்னேன், ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் ரிமார்க்ஸை அவரே அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரு. அந்த ஆறு மாசம் அவ என்ன தப்பு பண்ணோம்னே தெரியாம இருந்திருக்கா, இண்டக்‌ஷன் ரூம்லயே நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

ஷாப் ஃப்ளோர்ல ஃபிட்டருங்க என்ன செய்வாங்க தெரியுமா? கை பூரா ஆயிலும் கிரீஸுமா இருக்கும், யாராச்சும் கை நீட்டினா விரலை மடக்கிட்டு மணிக்கட்டை நீட்டுவாங்க, நாம அந்த மணிக்கட்டைப் பிடிக்கணும். போன மாசம் ஒரு புதுப் பையனுக்கு இது தெரியல, ஃபிட்டர் அண்ணன் மணிக்கட்டை நீட்டிட்டு நிக்கறாரு, இவன் முழிக்கறான். "கை அழுக்கா இருக்கு தம்பி, இதைப் பிடி"ன்னாரு. பையன் ஒரு நிமிஷம் தயங்கிட்டு, "பரவாயில்லண்ணா"ன்னு அந்தக் கிரீஸ் கையையே பிடிச்சுக் குலுக்கிட்டு, அவர்கிட்டயே வேஸ்ட் துணி வாங்கித் துடைச்சுக்கிட்டான்.